தின்னா பாக்கலாம்

இன்னும் தின்னவில்லை. பாறை முழுக்கப் பந்தி விரித்து வைத்திருக்கிறது, இந்த மகராசன் ஒவ்வொரு இலையாக எட்டிப் பார்த்துவிட்டுக் கை நனைக்காமல் அடுத்த வரிசைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். ரேணுகாதேவி முக்காலியை மீன்தொட்டிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, சாப்பிட்ட கையின் ஈரம்கூடக் காயாமல், மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு விட்டால் மீனுக்குக் கேட்குமா என்ன, கேட்காது, ஆனாலும் விடவில்லை. வெள்ளை உடம்பு, குறுக்கே செம்பு நிறப் பட்டைகள், பின்பக்கம் பொய்க்கண்ணாக ஒரு கறுப்புப் பொட்டு, முன்னால் அந்த மூக்கு. மூக்கில்லை, வாய்தான், ஆனால் நீண்டுகொண்டு போகிற போக்கில் மூக்காகவே இருந்தது, அதனால் அவள் வைத்த பெயர் மூக்கன். வளர்ப்பு மீன் கடைக்காரர் ஜோதிராஜ் காப்பர்பேண்ட் என்றார். பாறை இடுக்கில் அந்த வாயை விட்டுக் களையைப் பிடுங்கித் தின்பதற்கென்றே ஆண்டவன் செய்து அனுப்பிய மீன், வந்த நாளிலிருந்து எதையுமே தின்னாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பொழுது சாயும்போது ஆள் வந்துவிடும். காலையில் அவள் வீட்டுக்காரர் நல்லசிவம் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை, அவருக்குக் கோபமே வராது, அதுதான் பெரிய கஷ்டம். "பொழுதோட ஆள வரச் சொல்லிப்போட்டேன் அம்மிணி. தொட்டியத் தூக்கிருவாங்க. ஞாயித்துக்கெழம நம்ம பையனுக்குப் பேசுன பொண்ணு வீட்டு ஒறம்பரை வர்றப்ப ஹால்ல இந்த அசிங்கம் நின்னா நல்லாவா இருக்கும்? அதுக்குள்ள உன்ற மீனு அந்தக் கருமத்தத் தின்னுச்சுனா, சேரி, பாக்கலாம்." பாக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார். தூக்கிப் போனால் கண்ணாடியும் மோட்டாரும் விளக்கும் யாரோ ஒரு ஓட்டல்காரருக்கு. பாறைகளை பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு வெள்ளையாக்கி விற்றுவிடுவார்களாம். பாறையில் ஒட்டி உயிரோடு இருக்கிறதெல்லாம் என்ன ஆகும் என்று அவள் கேட்டதற்கு, அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க என்றார். என்னத்தைப் பார்த்துக்கொள்வார்கள், பிளீச்சிங் பவுடரில் என்ன பார்த்துக்கொள்ள முடியும்? அவள் வேதியியல் படித்தவள்.

அசிங்கம் என்று சொல்வதைத்தான் அவளால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. முதல் முதலில் ஒன்றே ஒன்றாக அது பாறையின் ஓரத்தில் முளைத்தபோது அழகாகத்தான் இருந்தது. கடல்சாமந்தி என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அதில் ஒரு பொடி வகை. கண்ணாடி மாதிரி பழுப்புத் தண்டு, உச்சியில் மெல்லிசு மெல்லிசாக விரல்கள், தண்ணீர் ஓட்டத்துக்கு ஆடிக்கொண்டு. தொட்டால் சட்டென்று ஓட்டைக்குள் போய்விடும். வாங்கின பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், விட்டால் பக்கத்தில் இருக்கிற பவளத்தை எல்லாம் சுட்டுச் சுட்டு ஒதுக்கிவிடும் என்று ஜோதிராஜ் போனில் சொன்னார். சரி, பார்த்துப் பக்குவமாக எடுப்போம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஆயுத பூஜை வந்தது. நல்லசிவத்துக்கு வருஷம் முழுக்க எந்த வேலையிலும் கை படாது, ஆயுத பூஜைக்கு மட்டும் சாமி வந்துவிடும். கோயமுத்தூர் கணபதியில் அவருடைய பம்ப்செட் பட்டறையில் லேத் மெஷின் ஒவ்வொன்றையும் அவரே மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார், ஆட்களைத் தொடவிட மாட்டார். அந்த வேகத்தோடு வீட்டுக்கு வந்தார். மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், இரண்டு வண்டி, எல்லாம் கழுவி விபூதிப் பட்டையும் குங்குமப் பொட்டும் வைத்தாயிற்று. அவள் சமையலறையில் பொரி கடலை பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் தொட்டி ஞாபகம் வந்திருக்கிறது. அதுவும் மெஷின்தானே, மோட்டார் ஓடுகிறதே. அந்தப் பாறையை எடுத்து, தொட்டித் தண்ணீரையே பக்கெட்டில் மோந்து, தேங்காய் நாரால் கரகரவென்று தேய்த்து, அழுக்குப் போச்சு என்று திருப்தியாகி, பாறையைத் தொட்டிக்குள் வைத்து, நல்ல தண்ணி வீணாகக் கூடாது என்று பக்கெட்டுத் தண்ணீரையும் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றி, கண்ணாடிக்கு மூன்று கோடு விபூதியும் போட்டுவிட்டார். அவள் வந்து பார்த்தபோது கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சாமந்திக்குக் கோரைப்புல் புத்தி. கோரையை மேலாகக் கொத்தினால் என்ன ஆகும் என்று மஞ்சள் காட்டில் வளர்ந்த யாருக்கும் தெரியும். இது அதையும் தாண்டி, பிய்ந்த ஒரு துணுக்கு எங்கே ஒதுங்குகிறதோ அங்கே வேர் பிடித்து ஆளாகிவிடும். தை மாதம் வருவதற்குள் பாறையில், மணலில், மோட்டார்க் குழாயில், பின்கண்ணாடியில், எங்கே பார்த்தாலும் பழுப்பு விரல்கள். செய்ததை அவள் சொல்லிக் காட்டத்தான் செய்தாள், வாயை மூடிக்கொண்டு போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "நான் சுத்தம்தான பண்ணுனேன்" என்றார். அதோடு முடிந்தது. இப்போது தொட்டியைப் பார்க்கிறவர்களிடம், ரேணு மெயிண்டெய்ன் பண்ணறா, அவளுக்கும் வயசாகுது, முடியல பாவம் என்று சொல்கிறார்.

முடியலையாம். இந்தத் தொட்டியை அவர் கொண்டுவந்து இறக்கியது ஊரில் ஒரு பெரிய மனுஷன் வீட்டு ஹாலில் பார்த்துவிட்டு வந்த ஆசையில், ஷட்டில் காக் விளையாடப் போக ஆரம்பித்ததும் அந்த ஆசை வடிந்துவிட்டது. கடலே இல்லாத கோயமுத்தூரில், வடவள்ளி வீட்டு ஹாலில், ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலக்கிக் கடல் செய்தவள் அவள். உப்பு எவ்வளவு, காரத்தன்மை எவ்வளவு, சுண்ணாம்புச் சத்து எவ்வளவு என்று கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுகிற கணத்தைப் பிடிக்கும்போது, கல்லூரி லேபில் நின்ற அதே பெண்தான் கைக்குள் நிற்பாள். களைக்கும் அவள் செய்யாத வைத்தியமில்லை. எலுமிச்சைச் சாறு ஊசியில் ஏற்றிக் குத்தினாள். ஜோதிராஜ் வெளிநாட்டு மருந்து ஒன்று சொல்ல, அட்டையில் எழுதியிருந்ததைப் படித்தால் அது நம்ம வெற்றிலைச் சுண்ணாம்பேதான். கடைவீதியில் ஒரு டப்பா வாங்கிவந்து குழைத்து ஊசியில் எடுத்து ஒவ்வொன்றின் வாயிலும் வைத்தாள். முன்வரிசையில் இருந்ததெல்லாம் சுருண்டு செத்தது. ஊசி எட்டாத இடுக்கில் இருந்தவை இன்னும் கொழுத்தன. அளவு கொஞ்சம் கூடிப்போய் ஒரு நாள் தண்ணீரே பாலாகி, கோமாளி மீன் ஜோடி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பார்த்ததோடு ஊசியை விட்டாள். களை தின்னும் என்று சொல்லிக் கொடுத்த பட்டை இறால்கள் மீனுக்குப் போடுகிற தீனியைத் தின்று பெருத்து, களையின் நிழலிலேயே படுத்துத் தூங்கின. கடைசியில்தான் மூக்கன். பையைக் கையில் கொடுக்கும்போதே ஜோதிராஜ் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "அக்கா, ஒண்ணு சொல்லிடறனுங்க. இது தின்ன ஆரம்பிச்சுட்டா உங்க தொட்டில ஒரு களை இருக்காது. ஆனா பாதிக்குப் பாதி, தின்னவே தின்னாது. பட்டினி கெடந்தே செத்துப்போயிருங்க. நான் உங்ககிட்டப் பொய் சொல்லி என்னாகப் போகுது." பொய் சொல்லியிருக்கலாம். உக்கடம் மீன் மார்க்கெட்டில் போய்க் கல்லுமக்காய்ச் சிப்பி நாலே நாலு கேட்டாள், கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சும்மாவே கொடுத்தார். ஓட்டைப் பிளந்து உள்ளே வைத்தால் கோமாளிகள் தின்றன, இறால் தின்றது, மூக்கன் மட்டும் பக்கத்தில் வந்து, இந்தக் கண்ணால் ஒரு முறை, அந்தக் கண்ணால் ஒரு முறை பார்த்துவிட்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விட்டான்.

"நங்கையா, ஃப்ரிட்ஜுல மாவுப் பக்கத்துல டப்பால என்னமோ கெடக்குது, நாறுது" என்று சமையலறையிலிருந்து நாத்தனார் வசந்தாமணி அண்ணியைக் கூப்பிட்டுக் குரல் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குக் கூடமாட உதவி செய்ய நேற்றே வந்துவிட்டாள். உதவி என்பது எதை எங்கே வைக்கக் கூடாது என்று சொல்வது.

"கல்லுமக்காய் வசந்தி. மீனுக்கு. மூடி வெச்சுரு."

"ஐயோ, பொண்ணு வீட்டுக்காரங்க வர்றப்பவுமா?" முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து தொட்டிக்கு முன்னால் நின்றாள். "தின்னுச்சா?"

"இல்ல."

"அண்ணன் சொல்றதும் நாயந்தான நங்கையா. இத எடுத்துட்டா எத்தன எடம். ஒரு நல்ல சோபா போடலாம். நீங்களும் பாவம், காலைல எந்திரிச்சா இதுக்கே சேவகம் பண்ணிட்டுக் கெடக்கறீங்க."

"எனக்குச் சேவகம்னு தோணல."

"அதுக்கில்ல..." வசந்தாமணி குனிந்து பார்த்தாள். "இதென்னமோ வயிறு ஒட்டிப்போயிக் கெடக்குது. செத்துருமாட்ட இருக்குது. நம்ம கண்ணு முன்னாடி செத்தா அதும் பாவந்தானுங்க."

"நீ போய்ப் படு வசந்தி. காலைல இருந்து நின்னுட்டே இருக்கற."

போய்ப் படுத்தாள். வயிறு ஒட்டிப்போய்க் கிடக்கிறது என்பதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். ரேணுகாதேவிக்குத் தெரியாததா, அதைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தானே இத்தனை நேரமும் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். செவுளுக்குக் கீழே வயிறு உள்வாங்கி, கண்ணுக்கு மேலே தலையில்கூட ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. பாதிக்குப் பாதி. தின்னு சாமி, ஒன்றே ஒன்று, ருசி மட்டும் பார். இந்தக் கெஞ்சல் எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று யோசித்தாள். மகனுக்குச் சோறு ஊட்டின குரலா, இல்லை, அது அதட்டல், அவன் நன்றாகத் தின்பான். இது வேறு. இது ரிசல்ட் வருகிற நாளில் நெஞ்சுக்குள் சொல்லிக்கொள்கிற குரல். ஒன்றே ஒன்று, முதல் வகுப்பு மட்டும். அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார்: "மொதல் கிளாஸ் வாங்கு கண்ணு, எம்எஸ்ஸி சேர்றதப் பத்திப் பாக்கலாம்." அப்பா நல்ல மனுஷர், ஒரு சொல் கடிந்து பேசினதில்லை. அவள் வாங்கினாள். சும்மா வாங்கவில்லை, கல்லூரியிலேயே முதல் ஆளாக வாங்கினாள். அந்த மார்க் ஷீட்டை அப்பா வாசலில் போகிற வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார், பெட்டியில் வைத்துப் பூட்டினார், அடுத்த வாரம் ஒரு ஜாதகம் பொருந்தி வந்துவிட்டது. "அவிய ஊட்ல படிக்க வெப்பாங்க கண்ணு, நல்ல குடும்பம், போயிப் பாக்கலாம்." போய்ப் பார்த்தாள். தோற்றிருந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருக்கலாம், நான் படிக்கவில்லை, என் புத்தி அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றியிருக்கலாம். ஜெயித்தவளுக்கு அழவும் வழியில்லை. எல்லோரும் பாராட்டிக்கொண்டே இருக்கும்போது எப்படி அழுவது?

மூக்கன் மணலுக்குக் கிட்டே இறங்கினான். அவள் முக்காலியில் நிமிர்ந்தாள். ஒரு களைக்கு நேராக நின்றான், வாய் நுனிக்கும் பழுப்பு விரல்களுக்கும் நடுவில் ஒரு அரிசி தூரம்கூட இல்லை, நின்றான், நின்றான், துடுப்பை மட்டும் அசைத்து ஒரே இடத்தில் நின்றான், பிறகு கண்ணாடியில் தெரிந்த தன் நிழலைப் பார்த்துவிட்டு அதைச் சண்டைக்கு இழுக்கப் போய்விட்டான். அட கிறுக்கா. உனக்குப் பசி, எதிரே சோறு, நீ கண்ணாடியோடு சண்டை போடுகிறாய். எழுந்து போய்ப் பழைய தினத்தாளை எடுத்துவந்து அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் வெளியே ஒட்டினாள், செல்லோ டேப் கையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது, பல்லால் கடித்தாள். கார் கற்றுக்கொண்டதும் இதே மாதிரிதான். என்ன மாதிரி, ஒரு மாதிரியும் இல்லை, ஆனால் மனசு அங்கேதான் போனது. மகன் ஸ்கூலுக்குப் போகிற வயசில், பஸ்ஸுக்கு நின்று நின்று கால் வீங்கி, நானே ஓட்டுகிறேன் என்றபோது நல்லசிவம் சிரித்துக்கொண்டே, டெஸ்ட் பாஸ் பண்ணு அம்மிணி, பாக்கலாம் என்றார். முதல் தடவையிலேயே எட்டுப் போட்டுப் பாஸ் பண்ணினாள், இன்ஸ்பெக்டரே இறங்கும்போது நல்லா ஓட்டறீங்கம்மா என்றார். வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிவந்தவர் நல்லசிவம்தான். அப்புறம், இப்ப ரோடு வேலை நடக்குது, முடியட்டும் பாக்கலாம். அப்புறம், வண்டி புதுசு, ஒரு கோடு விழுந்தா மனசு தாங்காது, சின்ன வண்டி ஒண்ணு வாங்கிப் பாக்கலாம். லைசென்ஸ் காலாவதி ஆகிப் புதுப்பித்தாகிவிட்டது, போட்டோவில் முடி நரைத்துவிட்டது, ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்கு அது மறந்தே போய்விட்டது. ஒரு நாளாவது அவர் கூடாது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே சாவியைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பாள். கூடாது என்று சொல்லத் தெரியாத மனுஷர். ஸ்வீட் வாங்கத் தெரிந்த மனுஷர்.

அப்படியானால் இப்போது இந்த மீன் தின்றுவிட்டால்? இந்தக் கேள்வி காலையிலிருந்தே உள்ளே எங்கேயோ ஈறில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது, இப்போதுதான் நாக்கு அதைத் தொட்டது. தின்றுவிட்டால் நல்லசிவம் சந்தோஷப்படுவார். மெய்யாகவே சந்தோஷப்படுவார், வந்த ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டுவார், பாத்தீங்களா எங்க அம்மிணி மூளைய என்பார். ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கலாம் என்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் நல்லா இருக்குதுங்க என்று சொன்னால், கல்யாணம் முடியட்டும் பாக்கலாம். கல்யாணம் முடிந்தால், மருமகள் வந்து அவளுக்குப் புடிக்குதான்னு பாக்கலாம். அவள் இந்த முக்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, ஒரு மீனின் வாயைப் பார்த்துக்கொண்டு, ஒன்றே ஒன்று சாமி என்று கெஞ்சிக்கொண்டு. சீ. எதற்காக ஒரு வாயில்லாப் பூச்சியிடம், பசியில் தலை பள்ளம் விழுந்து கிடக்கிற ஒன்றிடம், என் வீட்டில் என் தொட்டி இருக்கலாமா என்று உத்தரவு கேட்டு உட்கார்ந்திருக்கிறாள்? அது பாட்டுக்குத் தின்னும், தின்னாமல் போகும், அது அதன் பாடு. அதன் தலையில் இந்தப் பாரத்தை யார் ஏற்றியது? அவர் ஏற்றினார், இவள் வாங்கி வைத்துக்கொண்டாள். கோபம்தான், ஆனால் பயமும் கூடவே இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது. பாறை உச்சியில் அவள் வளர்த்த தோல்பவளத்தைப் பார்த்தாள். வாங்கும்போது சுண்டுவிரல் நகம் அளவு, இன்றைக்கு விரித்தால் உள்ளங்கை கொள்ளாது, வெளிச்சம் போட்டால் பூரிப்பும் அணைத்தால் சுருங்கலும், பக்கத்தில் பச்சைப் பட்டன் பவளங்கள் கூட்டம் கூட்டமாக. பிளீச்சிங் பவுடர் வாசனை வீட்டுக்குள்ளேயே வருகிற மாதிரி இருந்தது. ஆட்கள் வந்து கையை உள்ளே விட்டால் என்ன செய்வாள்? கத்துவாளா? பக்கத்து வீட்டில் கேட்குமே. கேட்கட்டுமே. வசந்தாமணி என்ன நினைப்பாள்? நினைத்துக்கொண்டு போகட்டும். பெண் வீட்டார் காதுக்குப் போனால், மாமியார்க்காரி ஒரு மாதிரி என்று சொல்லுவார்கள். ஒரு மாதிரிதான். இத்தனை வருஷம் ஒரு மாதிரியாக இல்லாமல் இருந்து என்ன கிடைத்தது, ஸ்வீட் கிடைத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பதை யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்றும் தோன்றியது, இருந்தாலும் சிரித்தாள்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கி டைல்ஸில் நீண்டது. வசந்தாமணியின் குறட்டை லேசாகக் கேட்டது. தினத்தாள் ஒட்டின பிறகு மூக்கன் சண்டை போட ஆள் இல்லாமல், பாறையின் பின்பக்கமாகப் போய், பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக மட்டும் தெரிகிற ஒரு பொந்துக்கு எதிரே நின்றான். அங்கே ஒரு களை, பெரியதில்லை, புதுசாக முளைத்தது, கொத்துமல்லிக் கன்று மாதிரி நின்றது. அவள் இந்தத் தடவை கெஞ்சவில்லை. கெஞ்ச வரவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா பார்த்தாள். இந்தக் கண்ணால் பார்த்தான். திரும்பி அந்தக் கண்ணால் பார்த்தான். முதுகு முள் மெல்ல நிமிர்ந்தது. பொசுக்கென்று வாய் உள்ளே போய் வெளியே வந்தது, அவ்வளவுதான், களை சுருங்கி ஒரு பொட்டாகிப் பொந்துக்குள் போனது. தின்றானா, தொட்டானா? மூக்கு நுனியில் ஒரு பழுப்பு நூல் தொங்கியது. அதை உறிஞ்சினான். துப்பினான். ஐயோ. துப்பியதை மறுபடி எடுத்தான், மென்றான், விழுங்கினான், தொண்டையில் அது இறங்குவதுகூடத் தெரிந்த மாதிரி இருந்தது. திரும்பப் பொந்துக்குள் வாயை விட்டு, உள்ளே ஒளிந்த மிச்சத்தையும் பிடுங்கி இழுத்தான். அதற்குப் பக்கத்தில் இருந்ததைக் கொத்தினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. பிழைத்துக்கொண்டாயா. நீ பிழைத்துக்கொண்டாய் சாமி. தின்னு, நன்றாகத் தின்னு, இனி உனக்கு இந்தப் பாறையில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. முழுசாக ஒரு நிமிஷம் அவளுக்கு வேறு எந்த ஞாபகமும் வரவில்லை, தொட்டி, கல்யாணம், நல்லசிவம், எதுவும். ஒரு பட்டினி கிடந்த உயிர் சாப்பிடுவதைப் பார்க்கிற சந்தோஷம் மட்டும் இருந்தது. அப்போது கேட் திறந்தது.

நல்லசிவம் முன்னால் வந்தார், பின்னால் இரண்டு பேர், ஒருவர் தோளில் ரப்பர் குழாய்ச் சுருள், இன்னொருவர் கையில் பெரிய நீல நிற டப். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மரியாதையாக ஓரமாக நின்றார்கள். வசந்தாமணி எழுந்து கொண்டையை முடிந்துகொண்டே வந்தாள்.

"என்ன அம்மிணி" என்றார் நல்லசிவம், சிரித்த முகத்தோடு. "தின்னுச்சா?"

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பரீட்சை ஹாலில் கேள்வியைப் படித்ததும் வருமே, அந்த வேகத்தில் வந்துவிட்டது. வந்து இந்தப் பக்கமாகப் பாருங்க என்று கையைப் பிடித்து இழுத்துக் காட்டினால் போதும், அவர் முகம் மலர்வதுகூட அவளுக்குத் தெரிந்தது, காலையில் சொன்ன அந்தச் ‘சேரி’ என்ற சொல், அதற்குப் பின்னால் வரப்போகிற இன்னொரு சொல். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இல்லீங்க" என்றாள். "தின்னல."

"அடடா." மெய்யாகவே வருத்தப்பட்டார். "சேரி உடு, என்ன பண்றது. நீயும் உன்னால ஆனதெல்லாம் பண்ணிப் பாத்துட்ட. தம்பி, அந்த மோட்டார மொதல்ல..."

"தொட்டி இங்கயேதான் இருக்குமுங்க."

"தின்னலைங்கறயே?"

"தின்னல. இருந்தாலும் தொட்டி இங்கயேதான் இருக்கும். அது தின்னா என்ன, தின்னாட்டி என்ன, இது எனக்கு வேணும். அதுக்கு மேல எதுவும் இல்லீங்க."

"ஞாயித்துக்கெழம..."

"வரட்டும். வந்து பாக்கட்டும்."

குழாய் வைத்திருந்தவர் பக்கவாட்டுக் கண்ணாடியை ஒட்டித்தான் நின்றிருந்தார். குனிந்து பார்த்தவர் முகம் விரிந்தது. "சார், இங்க பாருங்க சார், இது நல்லாத் தின்னுட்டுத்தான..."

"நீங்க சித்தெ சும்மா இருங்க தம்பி" என்றாள் ரேணுகாதேவி. அவர் வாயை மூடிக்கொண்டு, தோளில் இருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார்.

நல்லசிவம் தொட்டியின் பக்கம் திரும்பவேயில்லை. மீன் தின்றதா இல்லையா என்று ஒரு எட்டு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்; அவர் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தார், வழக்கமாக வருகிற ஒரு சொல்லுக்காகத்தான் திறந்திருப்பார், அது வரவில்லை. வசந்தாமணி அண்ணன் முகத்தையும் நங்கையாள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உக்காருங்க" என்றாள் ரேணுகாதேவி வந்த இருவரிடமும். "இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க." பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துப் பற்றவைத்தாள். இரண்டாவது குச்சியில்தான் பற்றியது. பால் பொங்கி வருகிற வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஹாலில் நாற்காலியை இழுத்துப் போட்டு யாரோ உட்கார்ந்தார்கள்.